அமெரிக்கப் பள்ளிகளில் புவியியல்: இன வாரியாக மதிப்பெண் ஏன் இவ்வளவு பிரிகிறது?

வடக்குவாசல் (நியூ ஜெர்சி)

நேப் என்ற தேர்வு பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்க அரசு நாடு முழுக்க மாதிரி எடுத்து 4, 8, 12ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வைக்கிற மதிப்பீடு. கணக்கும் வாசிப்பும்தான் எப்போதும் செய்தியில் அடிபடும். புவியியலுக்கும் 1994, 2001, 2010, 2014, 2018 என்று ஐந்து முறை வைத்திருக்கிறார்கள். கடைசி இரண்டும் எட்டாம் வகுப்புக்கு மட்டும்.

பழைய அறிக்கைகளைப் புரட்டினேன். அளவுகோல் 0 முதல் 500 வரை. எட்டாம் வகுப்பின் நாட்டுச் சராசரி 1994இல் 260, 2014இல் 261. இருபது வருடத்துக்கு ஒரு புள்ளி! 2018இல் அதுவும் 258க்கு இறங்கிவிட்டது.

அதை விடுங்கள். இன வாரியான அட்டவணைதான் என்னை உட்கார வைத்தது. எட்டாம் வகுப்பில் 'அடிப்படை' நிலைக்கு 242 எடுக்க வேண்டும், 'தேர்ச்சி' நிலைக்கு 282. வெள்ளை மாணவர்களின் சராசரி 2010, 2014 இரண்டிலும் 270ஐத் தாண்டுகிறது. கறுப்பின மாணவர்களின் சராசரி 240ஐ ஒட்டி நிற்கிறது. அதாவது அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அடிப்படைக் கோட்டையே தொடவில்லை. ஹிஸ்பானிக் (ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வம்சாவளி) பிள்ளைகள் இரண்டுக்கும் நடுவில், 2010இல் 244. ஆசியப் பிள்ளைகள் வெள்ளையர்களுக்குப் பக்கத்தில்.

கணக்கில் இப்படி இருந்தால் வசதி உள்ளவன் டியூஷன் வைக்கிறான் என்று சொல்லிவிடலாம். புவியியலுக்கு யார் டியூஷன் போகிறார்கள்? வரைபடம் பார்க்கத் தெரிவதில் இனம் எங்கிருந்து வந்தது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிரிஸ்கோ_ரவி

புவியியலுக்கு டியூஷன் இல்லை என்று யார் சொன்னது சார்? எங்கள் டாலஸ் பக்கம் வந்து பாருங்கள். நார்த் சவுத் ஃபவுண்டேஷன் ஸ்பெல்லிங், கணக்கு மாதிரியே புவியியலுக்கும் போட்டி நடத்துகிறது. சனி ஞாயிறு ஆனால் தலைநகரம், ஆறு, நாணயம், நீரிணை என்று பிள்ளைகள் உருப்போடுகிறார்கள். பலனைப் பாருங்கள்: நேஷனல் ஜியாகிரஃபிக் பீ போட்டியில் 2012 முதல் 2019 வரை எட்டு வருடமும் முதலிடம் இந்திய வம்சாவளிப் பிள்ளைகளுக்குத்தான். அதற்கப்புறம் போட்டியே நடக்கவில்லை. 2021இல் நிரந்தரமாக மூடிவிட்டார்கள்.

வெளிப்படையாகவே சொல்கிறேன். வீட்டில் படிப்புக்கு என்ன மரியாதையோ அதுதான் மதிப்பெண்ணாக வருகிறது. அரசாங்கத்தைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

எண்ணும்_எழுத்தும்

ரவி, நம் பிள்ளைகள் உழைக்கிறார்கள் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் யாரை யாரோடு ஒப்பிடுகிறோம் என்று பாருங்கள்.

1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு, அதிலும் எச்1பி வேலை விசா வந்த பிறகு, இந்தியாவிலிருந்து இங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் பட்டம் வாங்கிய பிறகு வந்தவர்கள். இன்று அமெரிக்காவில் இருக்கும் வயதுவந்த இந்தியர்களில் நான்கில் மூன்று பேர் பட்டதாரிகள். இந்தியாவில் அந்த விகிதம் எவ்வளவு குறைவு என்று உங்களுக்கே தெரியும். வடிகட்டல் விமானம் ஏறும்போதே முடிந்தாயிற்று. அதற்கப்புறம் பிறந்த பிள்ளைகளின் மதிப்பெண்ணை வைத்து 'இந்தியக் கலாச்சாரம்' என்று சொன்னால், திருநெல்வேலியிலோ தர்மபுரியிலோ படிக்கிற பிள்ளைகளுக்கு அந்தக் கலாச்சாரம் இல்லையா?

'ஆசியர்' என்ற பெட்டிக்குள் மட்டும் என்ன ஒற்றுமை இருக்கிறது? வியட்நாம் போருக்குப் பிறகு அகதியாக வந்த மாங் குடும்பத்துப் பிள்ளையும் கம்போடியப் பிள்ளையும் சிலிக்கான் வேலி மென்பொருள்காரர் பிள்ளையும் ஒரே வரியில் வருகிறார்கள். 2010 அறிக்கை வரை பசிபிக் தீவுக்காரர்களையும் அதிலேயே சேர்த்திருந்தார்கள். கறுப்பினப் பெட்டியும் அப்படித்தான். நைஜீரியாவிலிருந்து வந்தவர்களில் பட்டதாரி விகிதம் அமெரிக்கச் சராசரியைவிட மிக அதிகம். அவர்கள் பிள்ளையும் மிசிசிப்பியில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற குடும்பத்துப் பிள்ளையும் ஒரே எண்ணுக்குள் அடக்கம். பழங்குடி மாணவர்களின் எண்ணிக்கை மாதிரியில் மிகக் குறைவு என்பதால் அவர்கள் சராசரி வருடத்துக்கு வருடம் ஆடும். அதை வைத்து எதுவும் சொல்லாமல் இருப்பது நல்லது.

பீ போட்டியையும் நேப்பையும் ஒன்றாக வைக்காதீர்கள். பீ என்பது லட்சத்தில் ஒருவரைத் தேடுகிற போட்டி. நேப்பில் தனி மாணவருக்கு மதிப்பெண்ணே கிடையாது. ஒவ்வொருவருக்கும் கேள்வித்தாளில் ஒரு பகுதிதான் கொடுப்பார்கள், எல்லாவற்றையும் சேர்த்துத்தான் குழுவின் சராசரியைக் கணிப்பார்கள். ஜெயிக்க ஒருவர் போதும். சராசரியைத் தூக்க வகுப்பே படிக்க வேண்டும்.

பிரிஸ்கோ_ரவி

சரி, குடியேறியவர்களை விடுங்கள். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள்தானே? அங்கே 30 புள்ளி ஏன்?

சாரதா_டீச்சர் (டெக்சஸ்)

நான் இங்கே ஒரு நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். ரவி தம்பிக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன்: டெக்சஸில் எட்டாம் வகுப்புப் பிள்ளை அந்த வருடம் புவியியல் படிக்கிறதா?

படிக்கிறதில்லை. ஆறாம் வகுப்பில் உலகப் பண்பாடுகள், ஏழில் டெக்சஸ் வரலாறு, எட்டில் அமெரிக்க வரலாறு. எட்டாம் வகுப்பு மாநிலத் தேர்வும் வரலாற்றில்தான். புவியியல் உண்டா என்றால் பாடத்திட்டத்தில் உண்டு, ஓரத்தில் ஒட்டிக்கொண்டு. ஒன்பதாம் வகுப்பில் உலகப் புவியியல் என்று ஒழுங்கான பாடம் ஒன்று இருந்தது. 2013இல் வந்த சட்டம் அதையும் 'உலக வரலாறு அல்லது உலகப் புவியியல், ஏதாவது ஒன்று போதும்' என்று ஆக்கிவிட்டது.

இது டெக்சஸ் கதை மட்டும் இல்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2015இல் இதைப் பற்றியே ஓர் அறிக்கை வெளியிட்டது. எட்டாம் வகுப்பு ஆசிரியர்களில் பாதிக்கு மேற்பட்டோர், சமூக அறிவியல் நேரத்தில் பத்து சதவீதமோ அதற்கும் குறைவோதான் புவியியலுக்குப் போகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். பெரும்பான்மை மாநிலங்களில் தனிப் புவியியல் பாடம் கட்டாயமே இல்லை. 2002இல் கையெழுத்தான 'எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது' சட்டத்தில் புவியியலும் முக்கியப் பாடம் என்று எழுதியிருந்தார்கள். தேர்வும் நெருக்கடியும் கணக்குக்கும் வாசிப்புக்கும்தான். புவியியலுக்கென்று காசும் ஒதுக்கவில்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். பள்ளிக்கூடம் ஒரு பாடத்தைச் சரியாக நடத்தவில்லை என்றால் அந்தப் பாடத்தில் மதிப்பெண் எங்கிருந்து வரும்? வீட்டிலிருந்து. சுவரில் மாட்டிய உலகப் படம், லீவுக்கு ஊருக்குப் போன விமானப் பயணம், சாப்பாட்டு மேசையில் அப்பா பேசுகிற செய்தி, ரவி சொல்கிற சனி ஞாயிறு வகுப்பு. இதெல்லாம் இருக்கிற வீட்டுக்குப் பள்ளி கைவிட்டதே தெரியாது. இல்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியை விட்டால் வேறு வழியே இல்லை. 'புவியியலுக்கு யாரும் டியூஷன் போகிறதில்லை, அப்புறம் எப்படி இடைவெளி' என்று வடக்குவாசல் கேட்கிறார். பள்ளியில் பாடம் இல்லாததுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

அப்புறம், மாநிலத் தேர்வில் பின்தங்கிய பள்ளிகள் என்ன செய்கின்றன தெரியுமா? வாசிப்புக்கும் கணக்குக்கும் கூடுதல் பீரியட் வேண்டும் என்று சமூக அறிவியல் நேரத்தில்தான் கை வைக்கிறார்கள். பின்தங்கிய பள்ளியில் யார் அதிகம் படிக்கிறார்கள்? கறுப்பின, ஹிஸ்பானிக் பிள்ளைகள். நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் மார்ச் மாதம் பிறந்தால் என் வகுப்பிலிருந்து பாதிப் பேரைக் கணக்குப் பயிற்சிக்கு இழுத்துக்கொண்டு போவார்கள். மிச்சம் இருப்பவர்களை வைத்துக்கொண்டு பருவக்காற்று நடத்த வேண்டும்.

நெல்லைவாத்தியார்

அம்மா சாரதா சொல்வது நியாயம். ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியன் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். அந்தத் தேர்வில் தலைநகரம், ஆறு என்று மனப்பாடக் கேள்விதான் வருமா? அப்படியென்றால் 30 புள்ளி வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அட்லஸ் ஒன்று வாங்கிக் கொடுத்தால் போதும்.

எண்ணும்_எழுத்தும்

இல்லை ஐயா. மூன்று பகுதிகள்: இடமும் பரப்பும், சுற்றுச்சூழலும் சமூகமும், இடங்களுக்கு இடையிலான இயக்கமும் தொடர்பும். ஒவ்வொன்றிலும் அறிதல், புரிதல், பயன்படுத்துதல் என்று மூன்று தரத்தில் கேள்வி. படம், வரைபடம், அட்டவணை கொடுத்து ஏன் என்று கேட்பார்கள். எழுதிப் பதில் சொல்கிற கேள்விகளும் உண்டு.

நெல்லைவாத்தியார்

அப்படியானால் விஷயம் கடினம்தான். ஊர் சுற்றினாலே வரைபடம் தெரிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அட்சக்கோடும் அளவுகோலும் சமஉயரக் கோடும் யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்காமல் வராது. சமஉயரக் கோடுகள் நெருங்கி இருந்தால் சரிவு செங்குத்து என்று ஒரு பிள்ளைக்குப் புரிய வைக்க, மணலைக் குவித்து நூல் சுற்றிக் காட்ட வேண்டியிருக்கும். அதற்கு நேரமும் வேண்டும், புவியியல் படித்த ஆசிரியரும் வேண்டும். அமெரிக்காவில் புவியியல் பட்டதாரிகள்தான் இதை நடத்துகிறார்களா?

சாரதா_டீச்சர் (டெக்சஸ்)

பெரும்பாலும் வரலாறு படித்தவர்கள்தான் ஐயா. நானும் அப்படித்தான். இந்த நாட்டில் கல்லூரியிலேயே புவியியலுக்குப் பெரிய மரியாதை இருந்ததில்லை. ஹார்வர்டு 1948இல் தன் புவியியல் துறையை மூடியது, இன்றுவரை திறக்கவில்லை.

சும்மா_ஒரு_கேள்வி

எனக்கு வேறு சந்தேகம். பிள்ளைகளை ஏன் வெள்ளை, கறுப்பு என்று பிரித்துக் கணக்கெடுக்க வேண்டும்? பிரித்துப் பார்ப்பதால்தானே இந்தப் பேச்சே வருகிறது. வருமானத்தை வைத்து மட்டும் பார்த்தால் போதாதா?

கனடா_மதி

அண்ணை, எண்ணாமல் விட்டால் இல்லையென்று ஆகிவிடாது. பிரான்ஸில் பொதுவாக இனக் கணக்கு எடுப்பதில்லை. அதனால் அங்கே பாகுபாடு ஒழிந்துவிட்டதா? இந்தியாவின் தேசிய அடைவுத் தேர்வில்கூட எஸ்சி, எஸ்டி, ஓபிசி, பொது என்று பிரித்துத்தானே முடிவு வெளியிடுகிறார்கள்.

எங்கட டொரண்டோவில் எண்ணியதால்தான் ஒரு விஷயம் வெளியே வந்தது. அதுவும் புவியியலோடு தொடர்புள்ளது என்பதால் சொல்கிறேன். ஒண்டாரியோவில் ஒன்பதாம் வகுப்பில் கனடியப் புவியியல் எல்லாருக்கும் கட்டாயம். அமெரிக்கா மாதிரி ஒளித்து வைக்கவில்லை. ஆனால் நெடுங்காலமாக அதை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள்: பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்களுக்கு 'அகடமிக்', மற்றவர்களுக்கு 'அப்ளைட்'. எட்டாம் வகுப்பில் படிக்கிற பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இந்த முடிவை எடுக்க வேண்டும். ஆசிரியர் சொல்லும் ஒரு வார்த்தைதான் பல வீடுகளில் முடிவு.

டொரண்டோ பள்ளிச் சபை 2006இலிருந்து மாணவர்களின் இன விவரத்தைச் சேகரித்தது. அதை வைத்து யார்க் பல்கலைக்கழகத்தில் கார்ல் ஜேம்ஸ் 2017இல் வெளியிட்ட அறிக்கையில், கறுப்பினப் பிள்ளைகளில் 53 சதவீதம்தான் அகடமிக் வழியில் இருந்தார்கள். வெள்ளைப் பிள்ளைகளில் 81 சதவீதம். நாங்கள் உட்பட மற்ற சிறுபான்மையினர் 80 சதவீதம். பாடம் ஒன்று, புத்தகம் வேறு, எதிர்பார்ப்பு வேறு. பிறகு மாகாண அரசு ஒன்பதாம் வகுப்பில் இந்தப் பிரிப்பை எடுத்துவிட்டது. கணக்கில் 2021இல் தொடங்கி அடுத்த வருடம் மற்றப் பாடங்களிலும்.

ரவி அண்ணைக்கு ஒரு சொல். எண்பதுகளில் எங்கட ஆக்கள் இங்கே அகதியாக வந்தபோது எச்1பி வடிகட்டி ஒன்றும் இருக்கவில்லை. பலருடைய படிப்பு சண்டையால் பாதியில் நின்றது. பிள்ளைகளைப் படிப்பித்தோம், உண்மைதான். ஆனால் எங்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தந்த வகுப்புகள், சமூக வீடு, அரசுப் பள்ளி எல்லாம் இருந்தபடியால் படிப்பித்தோம். கலாச்சாரத்தால் மட்டும் என்று நான் சொல்லமாட்டன்.

நடத்துநர்

ஒரு பதிவு நீக்கப்பட்டுள்ளது. எந்த இனத்தவரையும் 'மூளை குறைவு' என்று எழுதுவதற்கு இங்கே இடமில்லை. விவாதம் தொடரட்டும்.

எண்ணும்_எழுத்தும்

நீக்கிய பதிவை நான் பார்த்தேன். அதற்கு எண்ணாலேயே பதில் இருக்கிறது.

நான்காம் வகுப்பில் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையே 1994இல் ஐம்பதை ஒட்டி இடைவெளி இருந்தது. 2010இல் அது முப்பத்துச் சொச்சம். கறுப்பினப் பிள்ளைகளின் சராசரி அந்த இடைப்பட்ட காலத்தில் இருபது புள்ளிக்கு மேல் ஏறியிருக்கிறது. வெள்ளைப் பிள்ளைகள் ஏறியது அதில் ஒரு சிறு பங்குதான். பதினாறு வருடத்தில் யாருடைய மூளையும் மாறாது.

ஆனால் இந்த எண் சாரதா டீச்சருக்கும் ஒரு சிக்கல்தான். அதே காலத்தில்தானே தொடக்கப் பள்ளிகளில் சமூக அறிவியல் நேரத்தை வெட்டினார்கள்? பாடத்தை வெட்டிய காலத்தில் மதிப்பெண் எப்படி ஏறியது?

சாரதா_டீச்சர் (டெக்சஸ்)

நல்ல கேள்வி. நான்காம் வகுப்புத் தேர்வு வாசிப்பைச் சார்ந்தது. கேள்வியைப் படித்துப் புரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது. அந்த வருடங்களில் கீழ்மட்டத்தில் இருந்த பிள்ளைகளின் வாசிப்பு மதிப்பெண் நாடு முழுக்க ஏறியது. அந்த ஏற்றம்தான் புவியியலிலும் தெரிகிறது என்று நினைக்கிறேன். வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிற பிள்ளைகள் விஷயத்திலும் இதே கதை. என் வகுப்பில் மெக்சிகோவின் மலையும் எல்லையும் அத்துப்படியான பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் மூன்று வரி எழுதச் சொன்னால் நின்றுவிடுவார்கள்.

ஆனால் வாசிப்பு ஓரளவுக்குத்தான் தூக்கும். எட்டாம் வகுப்பில் கறுப்பின, ஹிஸ்பானிக் பிள்ளைகள் கொஞ்சம் ஏறினார்கள், அவ்வளவுதான். பன்னிரண்டாம் வகுப்பில் நாட்டுச் சராசரி 1994ஐவிட 2010இல் குறைந்தே போனது, தேர்ச்சி நிலையை எட்டியவர்கள் 20 சதவீதம்தான். மேல் வகுப்புக்குப் போகப் போக வாசிக்கத் தெரிந்தால் போதாது, பாடம் தெரிய வேண்டும். அங்கேதான் நாம் பாடம் நடத்தவில்லை.

எண்ணும்_எழுத்தும்

ஏற்கலாம். 'கீழ் வகுப்பில் வாசிப்பு, மேல் வகுப்பில் பாடம்' என்ற விளக்கம் எண்களோடு பொருந்துகிறது. நிரூபணம் என்று சொல்லமாட்டேன்.

வடக்குவாசல் (நியூ ஜெர்சி)

வருமானம் மட்டும் போதாதா என்று ஒருவர் கேட்டாரே, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. இலவச மதிய உணவுக்குத் தகுதி உள்ளவர், இல்லாதவர் என்று நேப் பிரித்துத் தருகிறதே. ஒரே வருமானத்துப் பிள்ளைகளை ஒப்பிட்டால் இன வேறுபாடு மறைந்துவிடுமா?

எண்ணும்_எழுத்தும்

சுருங்கும், மறையாது. இரண்டு காரணம் சொல்கிறேன்.

முதலாவது, சம்பளம் வேறு, சொத்து வேறு. 2022இல் வெள்ளைக் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து (வரிசையில் நடுவில் நிற்கும் குடும்பத்துடையது) ஏறக்குறைய 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்துக்கு 45,000 டாலர். ஒரே சம்பளம் வாங்குகிற இரண்டு வீடுகளில் ஒன்றுக்குத் தாத்தா விட்டுப்போன வீடு இருக்கும், இன்னொன்றுக்குக் கடன் இருக்கும்.

இரண்டாவது, பக்கத்து வீடு. ஸ்டான்ஃபோர்டில் சீன் ரியர்டன் கோடிக்கணக்கான தேர்வு முடிவுகளை வைத்துச் செய்த ஆய்வில் கிடைத்தது இதுதான்: எந்த ஊரில் பள்ளிகள் இன வாரியாக அதிகம் பிரிந்து கிடக்கின்றனவோ அங்கே இடைவெளி அதிகம், ஆண்டுக்கு ஆண்டு வேகமாகவும் வளர்கிறது. நடுவில் வேலை செய்வது வறுமையின் குவியல். கறுப்பினப் பிள்ளையின் குடும்பம் ஏழையாக இல்லாவிட்டாலும் அவன் படிக்கிற பள்ளியில் பெரும்பாலோர் ஏழைகளாக இருக்கிறார்கள். அது வாசிப்பையும் கணக்கையும் பற்றிய ஆய்வு. புவியியலுக்கு மட்டும் வேறு விதி இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சாரதா_டீச்சர் (டெக்சஸ்)

அந்தக் குவியல் தானாக வந்ததில்லை. எங்கள் மாநிலத்துக் கதை ஒன்று சொல்கிறேன், ரவி தம்பி கொஞ்சம் பொறுமையாகப் படிக்கட்டும்.

சான் அன்டோனியோவில் எட்ஜ்வுட் என்று ஒரு பள்ளி மாவட்டம். மாணவர்களில் ஏறக்குறையப் பத்தில் ஒன்பது பேர் மெக்சிகோ வம்சாவளி. அதே ஊரில் அலமோ ஹைட்ஸ், வெள்ளையர் மாவட்டம். அமெரிக்காவில் பள்ளிக்கான காசில் ஒரு பெரிய பங்கு அந்தந்த வட்டாரத்து வீட்டு வரியிலிருந்து வருகிறது. 1967–68இல் எட்ஜ்வுட் பிள்ளைக்கு ஆண்டுக்கு 356 டாலர் செலவானது, அலமோ ஹைட்ஸ் பிள்ளைக்கு 594 டாலர். இத்தனைக்கும் எட்ஜ்வுட்காரர்கள் கட்டிய வரி விகிதம்தான் அதிகம்! வீட்டின் மதிப்பே குறைவு என்றால் எவ்வளவு விகிதம் போட்டு என்ன. பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 1973இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், இது அரசியல் சாசனத்துக்கு விரோதம் இல்லை என்று தீர்ப்பளித்தது. அடுத்த வருடமே டெட்ராய்ட் வழக்கில், நகரத்துப் பள்ளியையும் புறநகர்ப் பள்ளியையும் கலக்கச் சொல்ல முடியாது என்று இன்னொரு தீர்ப்பு. பள்ளியில் இனப் பிரிவினை கூடாது என்ற 1954 தீர்ப்பைப் பாடப் புத்தகத்தில் எல்லாரும் படிக்கிறோம். இந்த இரண்டும் பலருக்குத் தெரியாது.

நான் வகுப்பில் வரைபடம் சொல்லிக்கொடுக்க எடுப்பதும் இதையொட்டிய ஒன்றுதான். 1930களில் மத்திய அரசின் வீட்டுக் கடன் நிறுவனம் இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைந்த படங்களை ரிச்மண்ட் பல்கலைக்கழகம் இணையத்தில் போட்டிருக்கிறது. கடன் கொடுக்க ஆபத்து என்று அவர்கள் நினைத்த வட்டாரத்துக்குச் சிவப்பு. கறுப்பினத்தவர் இருந்த இடமெல்லாம் அனேகமாகச் சிவப்பு. குறியீட்டு விளக்கம், அளவுகோல், திசை எல்லாம் அதை வைத்தே நடத்திவிடலாம். தங்கள் தெருவைத் தேடிக் கண்டுபிடிக்கிற வேகத்தைப் பார்க்க வேண்டும்! (வகுப்பில் இனம் பற்றிப் பேசுவதைக் கட்டுப்படுத்தி 2021இல் இங்கே வந்த சட்டத்துக்குப் பிறகு, இதை நடத்துகிற ஆசிரியர்கள் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிக்கிறார்கள். அது தனி இழைக்கான விஷயம்.)

பிரிஸ்கோ_ரவி

அக்கா, 1967 கதையை வைத்து இன்றைக்கு வாதாட முடியுமா? டெக்சஸில் 'ராபின் ஹூட்' சட்டம் வந்து முப்பது வருடம் ஆகிறது. எங்கள் வரிப்பணமே வெளி மாவட்டங்களுக்குப் போகிறது. காசு சமமான பிறகும் இடைவெளி இருந்தால் வீடுதானே காரணம்?

சாரதா_டீச்சர் (டெக்சஸ்)

காசு முன்பைவிடச் சமமாகியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அனுபவம் உள்ள ஆசிரியர்கள் எங்கே போகிறார்கள்? வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருடமே உங்கள் பக்கத்துப் பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கிறார்கள். ஏழைப் பள்ளியில் வருடா வருடம் புது முகம். உடற்பயிற்சி ஆசிரியரே சமூக அறிவியலும் எடுப்பது இங்கே பழைய நகைச்சுவை. பாதி நிஜம்.

எண்ணும்_எழுத்தும்

வீடுதான் எல்லாம் என்றால் ராணுவப் பள்ளிகளை எப்படி விளக்குவீர்கள் ரவி? ராணுவத்தில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்காகப் பாதுகாப்புத் துறை நடத்துகிற பள்ளிகள். நேப் வாசிப்பிலும் கணக்கிலும் 2022இல் எல்லா மாநிலங்களையும் முந்தின. அங்கே படிக்கிற கறுப்பின, ஹிஸ்பானிக் பிள்ளைகள் நாட்டின் மற்ற இடங்களில் உள்ள தங்கள் இனத்துப் பிள்ளைகளைவிட வெகுவாக அதிகம் எடுக்கிறார்கள். பெற்றோரில் ஒருவருக்கு நிலையான வேலை, குடியிருக்க இடம், மருத்துவம், எல்லா முகாமிலும் ஒரே பாடத்திட்டம், இனங்கள் கலந்த வகுப்பு. இடைவெளி அங்கேயும் பூஜ்யம் ஆகவில்லை. ஆனால் சுருங்குகிறது. கலாச்சாரம் முகாம் வாசலில் மாறிவிடுமா என்ன?

பிரிஸ்கோ_ரவி

ராணுவத்தில் சேரவும் ஒரு தேர்வு இருக்கிறது. அதுவும் உங்கள் வடிகட்டிதான்.

எண்ணும்_எழுத்தும்

சரியான அடி. உண்மைதான், பள்ளிப் படிப்பு முடித்தவர்களைத்தான் எடுக்கிறார்கள். முழு வித்தியாசத்தையும் பள்ளிக் கணக்கில் எழுத முடியாது. அதே நியாயத்தை எச்1பிக்கும் வைத்துக்கொண்டால் நமக்குள் சண்டை இல்லை.

வடக்குவாசல் (நியூ ஜெர்சி)

2018க்குப் பிறகு என்ன ஆயிற்று என்று தேடினேன். கொரோனாவுக்கு அப்புறம் புவியியலில் இடைவெளி கூடியதா குறைந்ததா?

எண்ணும்_எழுத்தும்

தேடிக் கிடைக்காது. நேப்பை நிர்வகிக்கிற குழு 2019 ஜூலையில் அட்டவணையைத் திருத்தியபோது புவியியலைத் தூக்கிவிட்டது. 2018 முடிவு வெளியானதே 2020 ஏப்ரலில்தான். அதாவது சராசரி இறங்கிவிட்டது என்று மக்களுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே தேர்வு போய்விட்டது. அமெரிக்க வரலாற்றுக்கும் குடிமையியலுக்கும் 2022இல் வைத்தார்கள், இரண்டிலும் சரிவு. புவியியலுக்கு எண்ணே கிடையாது. இருக்கிற கடைசி எண் 2018 தான்: 25 சதவீதம் தேர்ச்சி நிலையில், 29 சதவீதம் அடிப்படைக்கும் கீழே.

கனடா_மதி

காய்ச்சல் இறங்கவில்லை, வெப்பமானியை விற்றுவிட்டார்கள்.

நெல்லைவாத்தியார்

போட்டியும் போயிற்று, தேர்வும் போயிற்று. அங்கே இந்தப் பாடத்துக்கு இனி யார் பொறுப்பு?

சாரதா_டீச்சர் (டெக்சஸ்)

ஒரே ஒரு இடத்தில் வளர்கிறது ஐயா. ஏபி ஹ்யூமன் ஜியாகிரஃபி, அதாவது பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் எடுக்கிற மனிதப் புவியியல் பாடம். 2001இல் முதல் தேர்வு வைத்தபோது சில ஆயிரம் பேர். இப்போது ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் எழுதுகிறார்கள், பெரும்பாலோர் ஒன்பதாம் வகுப்பு.

பிரிஸ்கோ_ரவி

அக்கா, அதைத்தான் கேட்க நினைத்தேன். பெண் அடுத்த வருடம் ஒன்பதாம் வகுப்பு. பீ போட்டிக்காக நிறையப் படித்தவள். உலகப் புவியியல் எடுக்கச் சொல்லவா, ஏபி எடுக்கச் சொல்லவா?

சாரதா_டீச்சர் (டெக்சஸ்)

ஏபி எடுக்கட்டும். ஆனால் பீ படிப்பு அதில் அதிகம் உதவாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மலை, ஆறு, காலநிலை எல்லாம் கொஞ்சம்தான். மக்கள்தொகை, குடிபெயர்வு, விவசாயம், நகரம், எல்லைகள் என்று ஏழு அலகு. 60 கொள்குறி வினா, மூன்று எழுத்து வினா. எழுதிப் பழக வேண்டும். நான் சொன்ன சிவப்புக் கோட்டு வரைபடம் ஆறாவது அலகில் பாடமாகவே வருகிறது.

இன்னொன்றையும் விசாரியுங்கள் தம்பி. சில பள்ளிகளில் எட்டாம் வகுப்பு ஆசிரியரின் பரிந்துரை இருந்தால்தான் சேர்ப்பார்கள், சில இடங்களில் கேட்டாலே போதும். கேட்டால் போதும் என்ற பள்ளியிலும், கேட்கலாம் என்பது பல பெற்றோருக்குத் தெரியாது. படிவம் பிப்ரவரி வாக்கில் வரும். உங்கள் தெருவில் வேறு யாராவது எட்டாம் வகுப்பு இருந்தால் அவர்களிடமும் தேதியைச் சொல்லிவிடுங்கள்.